சுனையோரம் குடியேறிய அன்னாசி

ஒரு காட்டில் ஓர் அழுங்கு இருந்தது. அழுங்கு என்றால் என்னவென்று தெரியாமல் புருவத்தைச் சுருக்குகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. அந்தக் காட்டிலேயே உண்டு. அதனால்தான் இந்தக் கதையே நடந்தது. நீண்ட மூக்கு, பல்லே இல்லாத வாய், தலையிலிருந்து வால் நுனி வரை ஓட்டு வீட்டுக் கூரையைப் போல அடுக்கிய செதில். கரையான் புற்றைத் தோண்டித் தின்னும். யாராவது தொட்டால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். இந்த அழுங்கின் பெயர் சடையன். சீப்பு வைக்க இடமில்லாத உடம்புக்கு இப்படி ஒரு பெயரை யார் வைத்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். பெயர் வைக்கிறவர்கள் எந்தக் காலத்தில் ஆளைப் பார்த்து வைத்தார்கள்?

சடையனின் வளை காட்டின் நடுவிலிருந்த சுனையோரம் இருந்தது. வாசலில் மூன்று கரையான் புற்று, பத்தடி நடந்தால் தண்ணீர், தோண்டத் தோண்டப் பொலபொலவென்று உதிர்கிற மண். மனைவி அத்தாயி நிறைமாதமாக இருந்தாள். பிள்ளை பிறந்தால் அம்மாவின் வாலில் ஏறிச் சவாரி போகும். அது அழுங்குக் குலத்தின் வழக்கம். அதற்காக அத்தாயி தினமும் வாலை நீட்டி மடக்கிப் பழகிக்கொண்டிருந்தாள். சடையன் அதைப் பார்த்துப் பூரித்துப்போய் உட்கார்ந்திருப்பான். அவனுக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

அந்த வருஷம் மழை பொய்த்தது. மற்றச் சுனைகள் வற்ற, நாலாபக்கத்திலிருந்தும் பிராணிகள் வந்து குவிந்தன. யார் இங்கே பூர்வகுடி, யார் நேற்று வந்தவர் என்று சண்டை மூண்டது. தலைவர் யானை சபையைக் கூட்டினார். ஒவ்வொருவராக எழுந்து, தன் முப்பாட்டன் இந்தச் சுனையில்தான் முதல் வாய் தண்ணீர் குடித்தான் என்று மார்தட்டினார்கள். ஒருவரிடமும் ஆதாரம் இல்லை. அப்போது ஒரு தவளை கல்லின் மேல் ஏறித் தொண்டையைக் கனைத்தது.

"அடிவாரத்து ஊர்க்காரங்க ஓஞ்ச நேரத்துல கூடி உக்காந்து விடுகதை போடறாங்கல்லங்க? அது நேத்துக் கட்டினது இல்ல. காலங்காலமா வர்ற சரக்கு. அந்த விடுகதைக்கு விடையா எவன் இருக்கறானோ, அவன் அந்தக் காலத்துலயே இருந்திருக்கான்னு அர்த்தம். இதைவிடப் பத்திரம் வேணுமுங்களா?"

மழைக்காலத்தில் மட்டும் கச்சேரி செய்கிற பாட்டுக்காரன் யார் என்று தவளைக்கு ஒரு விடுகதை இருந்தது. அந்தத் தெம்பில் பேசியது. ஆனால் சபையில் யாரும் அதை யோசிக்கவில்லை. எல்லோருக்கும் தங்களைப் பற்றி ஊரார் பேசாமலா இருப்பார்கள் என்ற நம்பிக்கை. பலத்த கைதட்டலோடு தீர்மானம் நிறைவேறியது. விடுகதை உள்ளவர்களுக்குச் சுனையோரம் இடம். இல்லாதவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் மூட்டை கட்டிக்கொண்டு, மலைக்கு அந்தப் பக்கம் வழுக்குப்பாறைக்குப் போய்விட வேண்டும்.

வழுக்குப்பாறை என்பது பெயருக்கேற்ற பாறை. நகத்தால் மூன்று நாள் பிறாண்டினாலும் ஒரு கைப்பிடி மண் வராது. வளை தோண்ட முடியாது, புற்று கிடையாது. செய்தி கேட்ட அன்று அத்தாயி வாலை மடக்கியவள் நீட்டவே இல்லை.

"பாறை மேல எப்படி மாமா பிள்ளை பெத்துக்கறது?" என்றாள்.

"எதுக்குப் புள்ள பயப்படற? நமக்கு இல்லாத விடுகதையா? போய்க் கேட்டுட்டு வர்றேன்" என்று சடையன் வீராப்பாகக் கிளம்பினான்.

சபைத் தீர்மானத்தை நடத்தி வைக்கப் பொந்து விழுந்த ஒரு புளியமரத்தில் அலுவலகம் திறந்திருந்தார்கள். பொறுப்பில் இருந்தது செம்போத்து மேடம். செம்போத்துப் பறவைக்குக் கண் இயற்கையிலேயே ரத்தச் சிவப்பு. அதனால் நாற்பது வருஷமாகத் தூங்காமல் கோப்பு பார்க்கிறவரைப் போல ஒரு களை அவருக்குத் தானாக அமைந்துவிட்டது. வரிசை மரத்தை மூன்று சுற்றுச் சுற்றி நின்றது. டோக்கனுக்குப் புளியங்கொட்டை கொடுத்தார்கள். அழுங்கு பகலில் தூங்குகிற பிராணி. அலுவலகமோ பகலில்தான் திறக்கும். சடையன் நின்றபடியே தூங்கி, முன்னால் நின்ற காட்டுப்பன்றியின் முதுகில் இரண்டு தடவை முட்டித் திட்டு வாங்கினான்.

அறிவிப்புப் பலகையில் அதுவரை இடம் பெற்றவர்களின் பட்டியல் தொங்கியது. தூக்கம் தெளிய அதைப் படித்தான். இடம் எண் ஒன்று: வெங்காயம். எண் இரண்டு: ஊசி. மூன்று: குடை. நான்கு: காளான். ஐந்து: அடுப்புக்கரி. ஆறு: தவளை. ஏழு: வெள்ளரிப்பழம்.

சடையன் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி படித்தான். அதேதான் இருந்தது.

நடந்தது இதுதான். ஊர்க்காரர்கள் காலங்காலமாக விடுகதை போட்டது தங்கள் வீட்டுச் சாமான்களைப் பற்றி. வாயால் பூச்சொரிகிற விளக்கு, ஒற்றைக்கண்ணோடு வாலை இழுத்துக்கொண்டு ஓடுகிற ஊசி, காட்டில் பச்சையாகவும் கடையில் கறுப்பாகவும் வீட்டில் சிவப்பாகவும் இருக்கிற கரி. புலியைப் பற்றி ஒரு விடுகதை கூட அகப்படவில்லை. புலியைப் பார்த்தவன் வீடு வந்து சேர்ந்தால்தானே உட்கார்ந்து விடுகதை போடுவான்? ஆக, காட்டின் பூர்வகுடிகள் வெங்காயமும் ஊசியும் என்று ஆகிவிட்டது. புலியின் விண்ணப்பத்தை நிராகரிக்க மேடத்துக்குத் தைரியம் வரவில்லை. 'பரிசீலனையில் உள்ளது' என்று எழுதி அடியில் வைத்திருந்தார்.

வெங்காயமும் குடையும் தாமாக நடந்து வந்து விண்ணப்பிக்கவில்லை. அதற்குக் கிட்டான் இருந்தான். கிட்டான் ஒரு குரங்கு. அடிவாரத்து வீடுகளிலும் மலைத்தோட்டங்களிலும் கைவரிசை காட்டிப் பழகியவன். எந்தப் பொருளுக்கு விடுகதை இருக்கிறதோ அந்தப் பொருளைத் தூக்கிக்கொண்டு வருவான். 'இவரால் பேச இயலாது, நான் காப்பாளர்' என்று எழுதிக் கொடுப்பான். வெங்காயத்தின் பேரால் ஒன்று, குடையின் பேரால் ஒன்று என்று சுனையோரம் நான்கு இடத்தில் கிட்டானின் சொந்தக்காரர்கள் கால் நீட்டிப் படுத்திருந்தார்கள்.

சடையனின் முறை வந்தது.

"பேரு?"

"சடையனுங்க."

"இனம்?"

"அழுங்குங்க, மேடம்."

மேடம் இருந்த ஓலைகளையெல்லாம் புரட்டினார். "அழுங்குக்கு விடுகதை எதுவும் இல்லையே."

வரிசையில் நின்ற நேரத்தில், எதற்கும் இருக்கட்டும் என்று சடையன் ஒரு விடுகதையைக் கட்டி வைத்திருந்தான். "இருக்குதுங்க மேடம், ஊருக்குள்ள கொஞ்சம் வழக்கொழிஞ்சு போச்சு" என்று புளுகிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்.

"ஓட்டு மேல ஓடு, உள்ளுக்குள்ள மெத்து. தொட்டா உருண்டை, விட்டா ஊர்வலம். அது என்ன?"

மேடம் வரிசையில் நின்ற முயலைக் கூப்பிட்டார். முயல் காதைச் சொறிந்தது. "ஆமையா? ஆமை உருளாதே. மரவட்டையா? அதுக்கு ஏது ஓடு? ஓடும் இருக்கணும், உருளவும் செய்யணும்... அட, நம்ம அழுங்கு!"

சடையன் துள்ளிக் குதித்தான். மேடம் சிவப்பு முத்திரையை எடுத்து ஓங்கிக் குத்தினார். தள்ளுபடி.

"அவரு சரியாத்தானுங்களே சொன்னாரு?"

"சரியாத்தான் சொன்னாரு. ஆனா யோசிச்சுச் சொன்னாரு" என்றார் மேடம். "யோசிச்சுச் சொன்னா அது அறிவு. யோசிக்காமச் சொன்னாத்தான் பரம்பரை. இப்பப் பாருங்க." வரிசையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "அடிக்கல, திட்டல, ஆனாலும் அழ வைப்பான். யாரு?"

"வெங்காயம்!" என்று மூன்று சுற்று வரிசையும் ஒரே குரலில் கத்தியது.

"பாத்தீங்களா? இதுல ஒருத்தராவது வெங்காயம் உரிச்சிருப்பாங்களா? இல்ல. எப்பவோ எவனோ சொல்லிக் கேட்டது. அதுதான் ஆதாரம். வெள்ளிக்கிழமை கடைசி நாள். நான் கூப்பிடற மூணு சாட்சி, கேட்ட வாய் மூடறதுக்குள்ள ஒரே விடையைச் சொல்லணும். அடுத்தவர் வாங்க."

சடையன் வளைக்குத் திரும்பியபோது முகம் தொங்கிப்போயிருந்தது. நடந்ததைக் கேட்ட அத்தாயி அழவில்லை. வயிற்றைத் தடவிக்கொண்டே கணக்குப் போட்டாள்.

"யோசிக்காமச் சொல்லணும், அவ்வளவுதான? அப்ப எல்லாருக்கும் முன்கூட்டியே சொல்லி வெச்சிரு. இன்னைக்குத் திங்கள், வெள்ளிக்கு இன்னும் நாலு நாள் இருக்குதே. காதுல விழுந்துக்கிட்டே இருந்தா அப்புறம் வாய் தானா சொல்லிட்டுப் போகுது" என்றாள்.

சடையனுக்கு அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆட வேண்டும் போல இருந்தது. நிறைமாதம் என்பதால் விட்டுவிட்டான்.

மறுநாள் அலுவலக வரிசைக்கே போனான். காட்டில் வேலைவெட்டி இல்லாமல் காதைத் திறந்து வைத்துக்கொண்டு ஆட்கள் நிற்கிற இடம் அது ஒன்றுதான். வால் பகுதியிலிருந்து ஆரம்பித்தான். "ஓட்டு மேல ஓடு, உள்ளுக்குள்ள மெத்து. தொட்டா உருண்டை, விட்டா ஊர்வலம். அது என்ன?"

கடமான் தெரியாது என்றது. "அழுங்கு!" என்றான் சடையன். கீரி தெரியாது என்றது. "அழுங்கு!" உடும்பு பதிலே சொல்லவில்லை. அதற்கும் "அழுங்கு!" என்று சொல்லிவிட்டு நகர்ந்தான். சூடு பிடிக்கவில்லை. விடையையும் தானே சொல்லிவிட்டால் விடுகதையில் என்ன ருசி இருக்கும்? ஆனால் அவசரத்தில் இருந்தவனுக்கு அது உறைக்கவில்லை.

பாதி வரிசை வந்தபோது மேலே கிளையில் கிட்டான் உட்கார்ந்திருந்தான். சடையன் விடுகதையைச் சொல்லி முடித்து விடைக்கு வாயைத் திறப்பதற்குள், கிட்டான் அவனை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தான். "அன்னாசிப்பழம்!" என்றான்.

வரிசை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மூன்று நாளாகச் சிரிக்க எதுவும் இல்லாமல் நின்றவர்கள். காட்டுப்பன்றி சிரித்த சிரிப்பில் டோக்கனை விழுங்கிவிட்டது.

"இல்லைங்க, அழுங்கு" என்றான் சடையன்.

"சடையண்ணா, கொஞ்சம் சுருளுங்க பாக்கலாம்" என்றான் கிட்டான். அப்பாவி சடையன், விளக்கிக் காட்டினால் புரியும் என்று நினைத்துச் சுருண்டான். சிரிப்பு இரண்டு மடங்கானது. "பாத்தீங்களா? அன்னாசியே தான்!"

கோபம் தலைக்கேறியும் சடையன் சுருண்டபடியே இருந்தான். அந்த முகத்தோடு வெளியே வர அவனுக்கு வெட்கமாக இருந்தது.

அதன்பிறகு அவன் எங்கேயும் போய் விடுகதை போட வேண்டியிருக்கவில்லை. அது தானாகவே போயிற்று. மைனாக்கள் எடுத்துக்கொண்டு போய் மேற்குச் சரிவில் போட்டன. அணில்கள் கிளைக்குக் கிளை கடத்தின. புதன்கிழமை அவன் தண்ணீர் குடிக்கப் போன இடத்தில் இரண்டு எருமைகள் அதையே பேசிக்கொண்டிருந்தன. போகிற போக்கில் விடுகதையின் உடம்பும் மாறியிருந்தது. 'விட்டா ஊர்வலம்' என்பதை யாரோ கழற்றி எறிந்திருந்தார்கள். அன்னாசி எங்கே ஊர்வலம் போகும்? அந்த இடத்தில் 'உச்சியில குடுமி' வந்து உட்கார்ந்திருந்தது.

வியாழக்கிழமை ஒரு புதர் மறைவில் அணில் குஞ்சுகள் வட்டமாக உட்கார்ந்திருந்தன. தாய் அணில் கேட்டது: "ஓட்டு மேல ஓடு, உள்ளுக்குள்ள மெத்து. தொட்டா முள்ளு, உச்சியில குடுமி. அது என்ன?"

"அன்னாசி!" என்று ஐந்து குஞ்சும் கத்தின.

சடையனால் பொறுக்க முடியவில்லை. புதரை விலக்கிக்கொண்டு போனான். "கண்ணுகளா, அது அன்னாசி இல்ல. அழுங்கு. நான்தான் அது."

குஞ்சுகள் அவனை இரக்கத்தோடு பார்த்தன. "மாமாவுக்குத் தெரியல" என்றது ஒன்று. "அது பழைய விடுகதை மாமா. எல்லாருக்கும் தெரியும். விடை அன்னாசி."

தாய் அணிலும் ஆமோதித்தது. "நான் சின்னதா இருக்கறப்பவே கேட்டிருக்கேனுங்க."

திங்கள்கிழமை பிறந்த விடுகதை அது. சடையன் வளைக்குத் திரும்பினான். வழியெல்லாம் அவனுக்கு அழுகை முட்டியது. வளையும் புற்றும் போவது ஒரு பக்கம். தான் கட்டிய விடுகதையிலிருந்தே தன்னை வெளியே தள்ளிவிட்டார்களே என்பதுதான் அவனை அறுத்தது.

வெள்ளிக்கிழமை. மேடம் மூன்று சாட்சிகளைக் கூப்பிட்டார்: காட்டுப்பன்றி, ஆமை, ஒரு மயில். சடையன் கடைசி நம்பிக்கையாகத் தன் பழைய வாசகத்தையே, ஊர்வலத்தை அழுத்தி, நிறுத்தி நிதானமாகச் சொன்னான். ஊர்வலம் வரைக்கும் யாரும் காத்திருக்கவே இல்லை. 'ஓட்டு மேல' என்றதுமே மூன்று பேரும் கத்தினார்கள்.

"அன்னாசி!"

ஆமை கூட யோசிக்கவில்லை. அதன் ஆயுளில் அவ்வளவு வேகமாக எதையும் செய்ததில்லை.

மேடம் அசந்துபோய்விட்டார். "கேள்வி முடியறதுக்கு முன்னாடியே விடை வந்துருச்சு. வெங்காயத்துக்குக் கூட இப்படி வரலயே! இது ரொம்பப் பழைய குடியா இருக்கணும்." பச்சை முத்திரையை எடுத்து ஊதிக் குத்தினார். "பரம்பரை நிரூபணமாச்சு. சுனையோரம் எட்டாம் எண் வளை, மூணு புற்றோட, அன்னாசிக்கு ஒதுக்கப்படுது."

"மேடம், அது என் வளைங்க!"

"இருந்துச்சு."

"அந்த விடுகதையக் கட்டினதே நான்தானுங்க!"

மேடம் சிவந்த கண்ணை மெல்ல உயர்த்தினார். "கட்டினீங்களா? அப்ப அது புதுசா? புதுசுன்னா ரத்து. பொய் ஆதாரம் கொடுத்ததுக்கு உங்களை இப்பவே பாறைக்கு அனுப்பணும். கட்டினீங்களா?"

சடையன் திறந்த வாயை மூடினான். "இல்லைங்க. கேள்விப்பட்டது."

"அப்பச் சரி. அன்னாசி திங்கள்கிழமை காலையில நேர்ல ஆஜராகணும். வரலைன்னா அடுத்ததாக் காத்திருக்கற பூண்டுக்குப் போயிரும்."

கிளை மேலிருந்து ஒரு சலசலப்பு. கிட்டான் மலைத்தோட்டத்தின் திசையில் தாவிக்கொண்டிருந்தான். அங்கே அன்னாசி வரிசை வரிசையாக விளைந்து கிடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். எட்டாம் எண் இடத்துக்கும் அவனே காப்பாளர் ஆகப்போகிறான்.

சடையன் வீட்டுக்கு வந்து ஒன்றுவிடாமல் சொன்னான். சொல்லி முடித்து, மூட்டை கட்டலாமா என்று கேட்டான். அத்தாயி முதலில் சிரித்தாள். வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, வலிக்கவே நிறுத்திக்கொண்டாள்.

"என்ன மாமா இது, தின்னத் தட்டு வெச்ச பிறகு பசிக்குதுன்னு அழுகற? இடம் அன்னாசிக்குத்தான? நீ போய் அன்னாசியா உக்காரு."

"நான் அழுங்கு, புள்ள."

"யாரு இல்லைன்னா? எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். பாறை மேல போய் அழுங்கா இருந்து என்ன பண்றது? எனக்கு வலி எப்ப வேணாலும் எடுக்கும்."

சடையனுக்கு மானம் ஒரு பக்கம் இழுத்தது. அத்தாயியின் வயிறு ஒரு பக்கம் இழுத்தது. சனிக்கிழமை முழுக்க முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தானே எழுந்துபோய் நாலு கற்றாழை மடல் ஒடித்துக்கொண்டு வந்து போட்டான். அத்தாயி அவற்றைக் குடுமியாகக் கட்டினாள்.

திங்கள்கிழமை காலை, அலுவலகம் திறந்ததும் அத்தாயி ஒரு பெரிய உருண்டையை உருட்டிக்கொண்டு வந்தாள். உச்சியில் கற்றாழைக் குடுமி கம்பீரமாக நின்றது. வரிசையில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். அது சடையன் என்று அத்தனை பேருக்கும் தெரியும். ஆனால் யாரும் வாயைத் திறக்கவில்லை. அவரவர் விண்ணப்பத்திலும் ஏதோ ஒரு கற்றாழை செருகியிருந்தது.

மேடம் நெருங்கி வந்து குனிந்து பார்த்தார். உருண்டைக்குள் சடையன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். செதிலுக்கும் செதிலுக்கும் இடையே சிவப்புக் கண் ஒன்று மிக அருகில் தெரிந்தது.

"பழந்தானா?" என்றார்.

சடையனுக்குப் பழக்கதோஷத்தில் "ஆமாங்க" என்று வந்துவிட்டது. பாதியில் விழுங்கினான்.

மேடம் குரலைத் தாழ்த்தினார். "அன்னாசி பேசாதுன்னு எனக்குத் தெரியும். அதனால நீங்க பேச வேண்டாம். அழுங்குக்கு இடம் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்ல. அன்னாசிக்கு இருக்குது. பேசாம இருங்க."

அந்த நேரம் பார்த்து மரத்திலிருந்து தொப்பென்று குதித்தான் கிட்டான். கையில் நிஜமான அன்னாசி. மஞ்சளாகப் பழுத்து, தேன் ஒழுக, காடே மணத்தது. "மேடம், ஏமாந்துராதீங்க! அது சடையன்! இதுதான் அசல்!"

மேடம் அசலை வாங்கித் திருப்பினார். மறுபக்கம் இல்லை. பாதிக்கு மேல் கடித்துத் தின்று, குழியாக இருந்தது. மலைத்தோட்டத்திலிருந்து மூன்று மைல் தூரம், பழுத்த அன்னாசியைக் கையில் வைத்துக்கொண்டு வருவதென்றால் சும்மாவா? அவனும் குரங்குதானே.

"விண்ணப்பதாரர் முழுசா ஆஜராகணும்" என்றார் மேடம். "மீதி எங்க?"

கிட்டான் வாயைத் துடைத்துக்கொண்டான். "வழியில கொட்டிப்போச்சுங்க."

"ரெண்டையும் வெச்சுச் சாட்சியவே கேட்டுருவோம்." மேடம் அதே மூன்று பேரையும் கூப்பிட்டார். முதலில் சடையனைக் காட்டினார். "இது என்ன?"

"அன்னாசி!" என்றார்கள், யோசிக்காமல்.

பிறகு கிட்டானின் கையிலிருந்ததைக் காட்டினார். மூன்று பேரும் உற்றுப் பார்த்தார்கள். காட்டுப்பன்றி தலையைச் சாய்த்தது. மயில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. ஆமை கழுத்தை முழுசாக நீட்டியது. ஓடு இருக்கிறது, ஆனால் உருண்டையாக இல்லையே. குடுமி இருக்கிறது, ஆனால் அன்னாசிதான் அங்கே இருக்கிறதே.

"யோசிக்கறாங்க" என்றார் மேடம். "தள்ளுபடி."

பதிவேட்டில் எட்டாம் எண்ணுக்கு எதிரே 'அன்னாசி, ஆஜர்' என்று எழுதினார். கிட்டான் ஆத்திரத்தோடு, சுருண்டு கிடந்த சடையனின் மேல் மூக்கை வைத்து மோந்தான். "இது பழுத்திருந்தா நான் இப்பவே வெட்டித் தின்னுருவேன் மேடம், பழுத்த பழம் குரங்கோட உரிமை. பழுத்திருக்கான்னு பாருங்க!"

உருண்டை நடுங்கியது. கற்றாழைக் குடுமி படபடவென்று ஆடியது. மேடம் அலகால் ஒரு தட்டுத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். உள்ளே இதயம் அடித்துக்கொள்கிற சத்தம் அவருக்கு நன்றாகவே கேட்டிருக்கும்.

"காய்" என்றார். அதையும் பதிவேட்டில் எழுதி, மடித்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

இரண்டு நாள் கழித்து, எட்டாம் எண் வளையில் அத்தாயி ஒரு பிள்ளை பெற்றாள். செதில் இன்னும் இறுகாத, இளஞ்சிவப்பு மூக்குள்ள ஆண் குட்டி. சடையன் அதைப் பார்த்து ஆனந்தத்தில் அழுதான். பிறப்புப் பதிவேட்டில் மேடம் 'அன்னாசிப் பிஞ்சு, ஒன்று' என்று எழுதினார். அதைப் பார்த்தும் அழுதான். ஆனால் அது வேறு அழுகை.

பிள்ளை வளர்ந்தது. அம்மாவின் வாலில் ஏறிச் சுனையைச் சுற்றியது. மாதம் ஒரு முறை மேடம் ஆய்வுக்கு வருவார். மூன்று பேரும் குடுமி வைத்துக்கொண்டு வாசலில் வரிசையாகச் சுருண்டுகொள்வார்கள். அவர் தட்டிப் பார்ப்பார், 'காய்' என்று எழுதிக்கொண்டு போவார். கிட்டானும் கூடவே வந்து மோந்து பார்த்துவிட்டு, நாக்கைச் சப்புக்கொட்டியபடி போவான்.

ஒரு நாள் வாசலில் பெரிய நிழல் விழுந்தது. புலி நின்றுகொண்டிருந்தது. சடையன் அனிச்சையாகச் சுருண்டான்.

"பயப்படாத. யோசனை கேக்கத்தான் வந்தேன்" என்றது புலி. குரலில் பழைய உறுமல் இல்லை. "என்னோட விண்ணப்பம் இன்னும் பரிசீலனையிலயே கிடக்குது. உனக்குக் கிடைச்ச மாதிரி எனக்கும் ஏதாவது வழி சொல்லேன். மஞ்சளா, வரி வரியா, ஏதாவது காய்கறி இருக்குதா?"

சடையன் சுருண்டபடியே யோசித்தான். பலகையில் படித்தது ஞாபகம் வந்தது. "ஏழாம் எண்ணுல வெள்ளரிப்பழம் இருக்குதுங்க. கிட்டான்தான் காப்பாளர். பழத்தை அவனே தின்னுட்டான்; இடத்துல அவன் சொந்தக்காரங்கதான் படுத்துக் கிடக்கறாங்க."

மறுநாள் முதல் ஏழாம் எண் இடத்தில், உடம்பில் கொடியைச் சுற்றிக்கொண்டு புலி படுத்திருந்தது. கிட்டானின் சொந்தக்காரர்கள் அன்றே வேறு ஊருக்குக் குடிபோனார்கள். மேடம் ஆய்வுக்கு வந்தபோது நூறு அடி தூரத்திலேயே நின்று, 'வெள்ளரிப்பழம். நல்ல நிலையில் உள்ளது. தட்டிப் பார்க்கவில்லை' என்று எழுதிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் சடையனின் மகன் அணில் குஞ்சுகளோடு விளையாடிக்கொண்டிருந்தான். ஓர் அணில் கேட்டது: "ஓட்டு மேல ஓடு, உள்ளுக்குள்ள மெத்து. தொட்டா முள்ளு, உச்சியில குடுமி. அது என்ன?"

"அன்னாசி!" என்றான் மகன், யோசிக்காமல்.

வாசலில் உட்கார்ந்திருந்த சடையனுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. மகனைக் கூப்பிட்டு, அந்த விடுகதை எப்படிப் பிறந்தது, அதன் விடை யார் என்று சொல்லிவிட வேண்டும் என்று எழுந்தான். எழுந்தவன் மூன்று புற்றுகளைப் பார்த்தான். சுனையைப் பார்த்தான். உள்ளே நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்த அத்தாயியைப் பார்த்தான். ஏழாம் எண்ணில் அசையாமல் கிடந்த வெள்ளரிப்பழத்தையும் பார்த்தான். அப்புறம் மகனின் தலையிலிருந்து நழுவியிருந்த குடுமியைச் சரியாகச் செருகிவிட்டு, போய்ப் படுத்துக்கொண்டான்.

நீதி: நீ யார் என்பது உனக்குத் தெரிந்தால் போதாது, யோசிக்காத மூன்று பேருக்குத் தெரிய வேண்டும். அவர்கள் உன்னை என்ன பழம் என்கிறார்களோ, மறுபேச்சில்லாமல் அந்தப் பழமாகச் சுருண்டுகொள். ஆனால் எக்காரணம் கொண்டும் பழுத்துவிடாதே.